எல்லைக்கு ஒரு கிடங்கு: அன்றும் இன்றும்

கோயம்புத்தூரிலிருந்து பாலக்காடு ஏறக்குறைய 50 கிலோமீட்டர். வாளையாறைத் தாண்டினால் கேரளம். படிப்புக்கும் வேலைக்கும் தினமும் இரண்டு ஊருக்கும் இடையே போய்வருகிறவர்கள் ஏராளம். ஆனால் 2017-க்கு முன்பு ஒரு சோப்புக் கம்பெனிக்குக் கோவையில் கிடங்கு இருந்தாலும், பாலக்காட்டுக் கடைக்கு அங்கிருந்து ஒரு பெட்டி போகாது. கொச்சிக் கிடங்கிலிருந்து 140 கிலோமீட்டர் கடந்துதான் சரக்கு வரும். ஓசூர்க் கடைக்காரருக்குப் பெங்களூரு 40 கிலோமீட்டர். அவருடைய சரக்கோ 300 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சென்னையிலிருந்து வரும். நாகர்கோவிலுக்குத் திருவனந்தபுரம் எட்டிப் பிடிக்கும் தூரம். அந்த ஊர் அண்ணாச்சிகள் காத்திருந்ததோ மதுரை லாரிக்கு.

இந்தியாவில் ஒரு பொருளைத் தயாரிப்பவருக்கும் அதை வாங்குபவருக்கும் நடுவே பல பத்தாண்டுகள் நின்றிருந்த அமைப்பு இது. பற்பசை, பெயின்ட், மிக்சி, பம்ப் மோட்டார், மருந்து என்று எதை எடுத்தாலும் மாநிலத்துக்கு ஒரு டிப்போவாவது இருக்கும். நாடு முழுக்க விற்கும் கம்பெனி என்றால் கிடங்குகள் 25, 30 என்று நீளும். வாடிக்கையாளரை நெருங்க வேண்டும் என்று கட்டிய வலைப்பின்னல் என்றுதான் வெளியிலிருந்து பார்க்கிறவர் நினைப்பார். உண்மையில் அதை வரைந்தது வரிச் சட்டம்.

இரண்டு சதவீதத்தின் பலம்

மத்திய விற்பனை வரிச் சட்டம் 1956-இல் வந்தது. ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்து வியாபாரிக்கு நேராக விற்றால் இந்த வரி விழும். வெகுகாலம் 4 சதவீதமாக இருந்தது. 2007 ஏப்ரலில் 3 ஆகவும், 2008 ஜூனில் 2 ஆகவும் இறங்கியது. இரண்டு சதவீதம் பெரிய தொகையா என்று கேட்கலாம். மதிப்புக் கூட்டு வரி வந்த பிறகு, உள்ளூரில் வாங்கும்போது கட்டிய வரியை வியாபாரி தான் விற்கும்போது கழித்துக்கொள்ள முடிந்தது. மாநிலம் தாண்டி வந்த சரக்கின் மீது விழுந்த மத்திய விற்பனை வரியை மட்டும் அப்படிக் கழிக்க முடியாது. அது கொள்முதல் விலையிலேயே ஒட்டிக்கொள்ளும். சில சதவீத லாபத்தில் ஓடும் வியாபாரத்தில் இரண்டு சதவீதம் என்பது கடைக்காரரை வேறு கம்பெனிக்கு மாற்றிவிடப் போதுமான தொகை.

அந்தச் சலுகை விகிதம் கிடைப்பதற்கும் வாங்குபவர் 'சி' பாரம் தர வேண்டும். தராவிட்டால் உள்ளூர் வரி முழுவதும் விற்றவர் தலையில் விழும். கணக்குப்பிள்ளைகளின் பாதி வாழ்க்கை சி பாரம் வசூலிப்பதிலேயே கழிந்தது என்று சொன்னால் அந்தக் காலத்தில் வேலை பார்த்தவர்கள் மறுக்க மாட்டார்கள்.

இதற்குக் கம்பெனிகள் கண்ட சட்டபூர்வமான வழி எளிமையானது. ஆலையிலிருந்து சரக்கை விற்காமல், வேறு மாநிலத்தில் இருக்கும் தன் சொந்தக் கிடங்குக்கே அனுப்பிவிடுவது. இது விற்பனை அல்ல என்பதற்கு 'எஃப்' பாரம் சாட்சி. அங்கே போன பிறகு அந்த மாநிலத்து வரியில் உள்ளூர் பில் போட்டு விற்கலாம். கடைக்காரர் அந்த வரியைக் கழித்துக்கொள்வார். ஆக, ஒரு மாநிலத்தில் விற்க வேண்டுமானால் அந்த மாநிலத்தில் ஒரு கூரை வேண்டும். கம்பெனியே கட்டுவதற்குப் பதிலாக உள்ளூரில் இடமும் ஆளும் வைத்திருந்த சி அண்ட் எஃப் ஏஜென்டுகளை நியமித்தது. சரக்கை இறக்கி, அடுக்கி, பில் போட்டு, லாரி ஏற்றி அனுப்புவது அவர்கள் வேலை. இதற்குக் கமிஷன்.

எல்லைக்கோடு புதிதாகப் பிறந்தாலும் கிடங்கு பிறந்தது. 2014 ஜூன் 2-ஆம் தேதி தெலங்கானா தனி மாநிலமானபோது, அதுவரை ஹைதராபாத்திலிருந்து ஆந்திரம் முழுவதற்கும் அனுப்பிக்கொண்டிருந்த கம்பெனிகள் விஜயவாடா பக்கம் இடம் தேட வேண்டியதாயிற்று. விஜயவாடாக்காரர்கள் திடீரென்று அதிகம் சோப்புப் போடவில்லை; வரைபடம்தான் மாறியது. புதுச்சேரி யூனியன் பிரதேசம் என்பதால், 25 கிலோமீட்டருக்குள் இருக்கும் கடலூர்க் கடைக்கும் புதுச்சேரிக் கடைக்கும் தனித்தனி பில் புத்தகம்.

ஆலைகளையே வரி இழுத்துக்கொண்டு போன கதையும் இதோடு சேர்ந்தது. 2003-இல் அறிவித்த கலால் வரி விலக்கை நம்பி இமாசலப் பிரதேசத்தின் பத்தியிலும் உத்தராகண்டிலும் ஆலைகள் குவிந்தன. அங்கே செய்த பொருள் ஏறக்குறைய 2,500 கிலோமீட்டர் பயணப்பட்டுத் தமிழ்நாட்டு டிப்போவுக்கு வரும். ஆலை இருந்த இடத்தையும் கிடங்கு இருந்த இடத்தையும் வரி தீர்மானித்தது. இரண்டுக்கும் நடுவே பாதிக்கப்பட்டவர், கடைசியில் கடை வாசலில் நின்ற வாடிக்கையாளர்.

"அடுத்த வாரம் வந்திரும் அண்ணாச்சி"

அன்றைய டிப்போ என்பது பெரும்பாலும் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட குடோன். தரை மேடு பள்ளமாக இருக்கும். பெட்டிகளை லோடுமேன்கள் தோளில் சுமந்து, ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேல்வரை அடுக்குவார்கள். எந்தப் பெட்டி எந்த மூலையில் என்பது இருப்புப் பதிவேட்டைவிட மேஸ்திரியின் நினைவில்தான் சரியாக இருந்தது. மழைக்காலத்தில் கீழ் வரிசை நனையும். முதலில் வந்த சரக்கு உள்ளே மாட்டிக்கொள்ள, பின்னால் வந்தது முன்னால் வெளியேறும். காலாவதித் தேதி நெருங்கிய பெட்டிகள் ஒரு நாள் மொத்தமாக வெளிவந்து கடைக்காரரிடம் சண்டையாக முடியும்.

இதைவிடப் பெரிய சிக்கல், சரக்கு தப்பான இடத்தில் கிடப்பது. மதுரை டிப்போவில் 100 கிராம் பற்பசை தேங்கிக் கிடக்கும். 200 கிராம் இருக்காது. கொச்சியில் நேர்மாறாக இருக்கும். ஒன்றை இன்னொன்றுக்கு மாற்றலாம்தான். அதற்கு எஃப் பாரம், வே பில், செக்போஸ்ட் என்று படியேற வேண்டும். அவ்வளவு பாடுபடுவதைவிட ஆலையிலிருந்து அடுத்த லோடு வரட்டும் என்று டிப்போ மேலாளர் விட்டுவிடுவார். கடைக்காரர் போன் செய்தால், "200 கிராம் ஸ்டாக் இல்ல, அடுத்த வாரம் வந்திரும் அண்ணாச்சி" என்று பதில் வரும். நாட்டில் அந்தச் சரக்கு இல்லாமல் இல்லை. அவருக்கு எட்டாத ஒரு கூரையின் கீழ் அது இருந்தது.

அந்தப் பதில் ஏன் அவ்வளவு அடிக்கடி வந்தது என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. கடைக்காரர் ஒரு ஆர்டரில் 20 வகை கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு வகையும் டிப்போவில் இருப்பதற்கான வாய்ப்பு 95 சதவீதம். கேட்பதற்கு மிக நல்ல டிப்போ போலத் தோன்றும். ஆனால் இருபதும் ஒரே நேரத்தில் இருக்க வாய்ப்பு சுமார் 36 சதவீதம்தான். மூன்று ஆர்டரில் இரண்டு குறையோடுதான் போய்ச் சேரும். ஒவ்வொரு வகைக்கும் அந்த வாய்ப்பை 99 சதவீதமாக்கினால், முழு ஆர்டரும் நிறைவேறும் வாய்ப்பு ஏறக்குறைய 82 சதவீதமாக உயர்கிறது. 25 சிறிய கிடங்குகளில் ஒவ்வொன்றிலும் 99-ஐத் தொட வேண்டுமென்றால் குவிக்க வேண்டிய சரக்கை நினைத்தே கம்பெனிகள் 95-இல் நின்றன. அந்த இடைவெளியைக் கடைக்காரர் தன் பொறுமையால் நிரப்பினார்.

சாலையில் நடந்ததோ இன்னொரு கதை. வாளையாறு செக்போஸ்டில் லாரிகள் கிலோமீட்டர் கணக்கில் நிற்பது செய்தித்தாள்களுக்குப் பழகிப்போன படம். தாளில் ஒரு முத்திரை குறைந்தால் மறுநாள்வரை வண்டி நகராது. டிரைவரும் கிளீனரும் வண்டிக்கடியிலேயே சமைத்துச் சாப்பிட்டுத் தூங்குவார்கள். இந்த நிச்சயமின்மையைச் சமாளிக்க டிப்போ இன்னும் கொஞ்சம் கூடுதல் சரக்கு வைத்திருக்கும். அந்தக் கூடுதல் சரக்கின் வட்டியும் பொருளின் விலையில்தான் ஏறியது.

2017 ஜூலை 1

சரக்கு சேவை வரி ஒரே நாளில் வந்ததல்ல. 2006 பட்ஜெட் உரையில் அப்போதைய நிதியமைச்சர் ப. சிதம்பரம் 2010 ஏப்ரல் 1-ஐ இலக்காக அறிவித்தார். மாநிலங்களின் வருவாய் குறித்த நியாயமான அச்சங்களும் அரசியல் இழுபறியும் அதை ஏழு ஆண்டுகளுக்கு மேல் தள்ளின. 2016-இல் 101-ஆவது அரசியலமைப்புத் திருத்தம் நிறைவேறி, 2017 ஜூலை 1-இல் புதிய வரி நடைமுறைக்கு வந்தது. மூன்றே நாளில், 22 மாநிலங்கள் வணிகவரிச் சோதனைச் சாவடிகளை எடுத்துவிட்டதாக மத்திய அரசு அறிவித்தது.

கிடங்குகளைப் பொறுத்தவரை மாறியது ஒரே ஒரு விஷயம். மாநிலம் தாண்டி விற்கும்போது கட்டும் ஒருங்கிணைந்த வரியையும் கடைக்காரர் முழுவதுமாகக் கழித்துக்கொள்ளலாம். பாலக்காட்டுக் கடைக்குக் கோவை பில்லும் கொச்சி பில்லும் இனி ஒன்றுதான். சி பாரம் வாங்கும் படலமும், மாநிலத்துக்கு ஒரு கூரை என்ற கட்டாயமும் பெரும்பாலான பொருள்களுக்கு ஒரே நாளில் அர்த்தமிழந்தன. 2018 ஏப்ரல் 1 முதல் மாநிலங்களுக்கிடையே 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்குக்கு இ-வே பில் வந்தது. எல்லையில் நின்று காட்ட வேண்டிய தாள், புறப்படும் முன்பே கணினியில் எடுக்க வேண்டிய எண்ணாக மாறியது.

ஆனாலும் கம்பெனிகள் மறுநாளே கிடங்குகளை மூடவில்லை. குத்தகை ஒப்பந்தங்கள் இருந்தன. ஏஜென்டுகளோடு இரண்டு தலைமுறைப் பழக்கம் இருந்தது. புதிய வரிக்கே தடுமாறிக்கொண்டிருந்த வியாபாரிகளை மேலும் குழப்பக் கூடாது என்ற கவலையும் இருந்தது. முதலில் மூடியவை எல்லையோரத்தில் வரிக்காக மட்டுமே இருந்த டிப்போக்கள். பிறகு இரண்டு மூன்று மாநிலங்களுக்குச் சேர்த்துப் பெரிய தாய்க் கிடங்குகள் எழுந்தன. சென்னையைச் சுற்றி ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், செங்குன்றம். தமிழ்நாட்டு மண்ணில் இருந்தபடியே கர்நாடகத்துக்கும் அனுப்ப வசதியான ஓசூர். பெங்களூரை ஒட்டி ஒசகோட்டையும் நெலமங்கலாவும். மும்பை அருகே ஏற்கெனவே கிடங்குகளின் ஊராக இருந்த பிவண்டி. 2017 நவம்பரில் கிடங்குத் தொழிலுக்கு உள்கட்டமைப்புத் தகுதி கிடைத்து, ஒரு லட்சம் சதுர அடியும் 25 கோடி ரூபாய் முதலீடும் கொண்ட கிடங்குகளுக்கு நீண்டகாலக் கடன் பெறுவது எளிதானது.

சேர்த்து வைத்தால் ஏன் குறைகிறது

கிடங்குகளைக் குறைத்தால் வாடிக்கையாளருக்குச் சரக்கு எப்படி அதிகம் கிடைக்கும்? மேலாண்மை ஆய்வாளர் டேவிட் மைஸ்டர் 1976-இல் எழுதிய வர்க்கமூலக் கணக்கு இதற்கு விடை தருகிறது. எதிர்பாராத தேவைக்காகக் கையில் வைக்கும் காப்பு இருப்பு, கிடங்குகளின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தை ஒட்டிக் கூடும், குறையும். 25 கிடங்குகள், ஒவ்வொன்றிலும் 100 பெட்டி காப்பு இருப்பு என்றால் மொத்தம் 2,500. அதையே நான்கு கிடங்குகளாக்கினால், அதே அளவு பாதுகாப்புக்கு 1,000 பெட்டி போதும். ஊர்களின் தேவையில் வரும் ஏற்றத்தாழ்வு ஒன்றையொன்று சாராதபோது இது பொருந்தும்.

இதைப் புரிந்துகொள்ள நம் பண்டிகைகளைப் பார்த்தால் போதும். ஆடி மாதத்தில் தமிழ்நாட்டுத் துணிக்கடைகளில் தள்ளுபடிக் கூட்டம் நெரியும். அதே மாதம் கேரளத்தில் கர்க்கடகம், வியாபாரம் மந்தம். அடுத்து ஓணம் வரும்போது அங்கே கடை நிரம்பும். இங்கே தீபாவளிக்கு இன்னும் நாள் இருக்கும். இரண்டு மாநிலத்துக்கும் ஒரே கிடங்கு என்றால், ஒன்று தூங்கும்போது அதன் சரக்கு மற்றொன்றுக்கு உதவும். தனித்தனிக் கிடங்கு என்றால் ஒரு பக்கம் தேக்கம், மறுபக்கம் பஞ்சம். தீபாவளி போல எல்லா இடத்திலும் ஒன்றாக எகிறும் தேவைக்கு இந்தக் கணக்கு உதவாது. அதற்கு முன்கூட்டியே திட்டமிட்டுத்தான் ஆக வேண்டும்.

மிச்சமான பணம் கிடங்கின் தரத்தில் இறங்கியபோது மாற்றம் கண்ணுக்குத் தெரிந்தது. புதிய கிடங்கின் கூரை பத்து மீட்டருக்கும் மேல் உயர்ந்திருக்கும். வழவழப்பான தரையில் ஃபோர்க்லிஃப்ட் ஓடும். பாலெட்டுகள் ரேக்கில் ஏறும். ஒவ்வொரு பெட்டிக்கும் பார்கோடு, ஒவ்வொரு இடத்துக்கும் எண். முதலில் காலாவதியாவது முதலில் வெளியேற வேண்டும் என்பதை மென்பொருள் பார்த்துக்கொள்ளும். ஆலையிலிருந்து ஒன்பது டன் லாரிகள் பத்து இடத்துக்குச் சிதறுவதற்குப் பதிலாக, பல அச்சு கொண்ட பெரிய வண்டிகள் முழு லோடோடு ஒரே இடத்துக்கு வருகின்றன.

இன்றைய பாலக்காட்டுக் கடைக்காரர் செயலியில் ஆர்டர் போடுகிறார். என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று போடும்போதே தெரிகிறது. வண்டி எங்கே வருகிறது என்பதும் தெரிகிறது. தான் கேட்டது, கேட்ட அளவில், சொன்ன நாளில் வர வேண்டும் என்பதுதான் அவருடைய எதிர்பார்ப்பு. இன்று பல கம்பெனிகள் தங்கள் கிடங்குகளை அளக்கும் அளவுகோலும் அதுவாகியிருக்கிறது. முன்பு எத்தனை பெட்டி வெளியே தள்ளினோம் என்று மாசக் கடைசியில் கணக்குப் பார்த்தார்கள். வாடிக்கையாளர் தரப்பிலிருந்து தங்களை அளக்கத் தொடங்கியதைத்தான் இந்த மாற்றத்தின் மிகப் பெரிய ஆதாயமாக நான் கருதுகிறேன்.

கணக்கில் ஏறாத இழப்புகள்

எல்லோருக்கும் இது நன்மையாக முடியவில்லை. ஒரு கம்பெனியின் ஏஜென்சியை நம்பி இடம் வாங்கி, கடன் எடுத்துக் குடோன் கட்டிய குடும்பங்கள் இருந்தன. ஒப்பந்தம் முடிந்ததாக ஒரு கடிதம் கைக்கு வந்தபோது அவர்களிடம் மிஞ்சியது ஆஸ்பெஸ்டாஸ் கூரையும் ஊர்ப் பழக்கமும்தான். பெரிய லாஜிஸ்டிக்ஸ் கம்பெனிகள் கேட்ட உயரமும் தரையும் அவர்களிடம் இல்லை. அதைவிடச் சத்தமில்லாமல் போனவர்கள் லோடுமேன்கள். மதுரையில் மூடிய குடோனின் சுமைதூக்குபவர், ஒரகடத்தில் திறந்த கிடங்கில் வேலைக்குச் சேர முடியாது. அங்கே வேண்டியது ஸ்கேனர் பிடிக்கும் இளைஞர். பெரும்பாலும் ஒப்பந்தக் கூலி. வலைப்பின்னலைச் சுருக்கி லாபம் பார்த்த கம்பெனிகள் இவர்களுக்கு மறுபயிற்சியோ தக்க இழப்பீடோ தந்திருக்க வேண்டும். அது தர்மமும்கூட, கட்டுப்படியாகக்கூடிய செலவும்கூட.

சின்ன ஊர்க் கடைக்காரரும் ஒன்றை இழந்தார். டிப்போ பக்கத்தில் இருந்தபோது அவசரம் என்றால் தன் வண்டியை அனுப்பி நாலு பெட்டி எடுத்துவந்துவிடுவார். மேலாளருக்கு அவரைத் தெரியும். அவருடைய கடன் பாக்கியும் தெரியும், நாணயமும் தெரியும். இன்று தாய்க் கிடங்கு 400 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. குறைந்தபட்ச ஆர்டர் என்று ஒரு வரம்பு இருக்கிறது. புகார் சொன்னால் ஓர் எண் கிடைக்கிறது, மனிதர் கிடைப்பதில்லை.

ஒரே இடத்தில் குவிப்பதில் உள்ள ஆபத்தையும் மறந்துவிடக் கூடாது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையும் அதன் புறநகர்களும் பல நாள் முடங்கின. 2020 மார்ச் ஊரடங்கில் நாட்டின் லாரிகள் நின்றபோது, நெடுந்தூரத்தை நம்பிய கடைகளின் அலமாரிகள் முதலில் காலியாயின. நான்கு கிடங்கில் ஒன்று மூழ்கினால் கால் நாடு காத்திருக்கும்.

எதை எங்கே வைப்பது

ஆகவே இந்த மாற்றத்தைச் சரியாகச் செய்த கம்பெனிகள் கிடங்குகளைக் குறைப்பதோடு நிறுத்தவில்லை. ஒவ்வொரு பொருளும் எவ்வளவு தூரத்தில் இருக்கலாம் என்று பிரித்துப் பார்த்தன. கோவையில் செய்யும் பம்ப் செட்டை எடுத்துக்கொள்வோம். நாடு முழுக்க விற்கும் பொருள். அதன் மெக்கானிக்கல் சீல், பேரிங் போன்றவை அடிக்கடி தேயும். பயிர் வாடும் நேரத்தில் விவசாயியால் மூன்று நாள் காத்திருக்க முடியாது. அவை அருகில், சின்னச் சின்ன இடங்களில் இருக்க வேண்டும். ஆண்டுக்கு ஒன்றிரண்டு விற்கும் அபூர்வ மாடலின் இம்பெல்லரை ஒவ்வொரு ஊரிலும் வைத்தால் துருப்பிடிக்கும். அது ஒரே மையத்தில் இருந்து, கேட்ட அன்றே கூரியரில் புறப்பட வேண்டும். வேகமாக நகர்வது அருகில், மெதுவாக நகர்வது மையத்தில் என்பது சேவையின் அடிப்படைப் பாடம்.

மருந்து இன்னொரு உதாரணம். சரக்கு சேவை வரிக்குப் பிறகும் மருந்துக் கம்பெனிகள் பெரும்பாலும் மாநிலக் கிடங்குகளைத் தொடர்கின்றன. மருந்து விற்கும் உரிமத்தை மாநிலங்கள் வழங்குகின்றன என்பது ஒரு காரணம். நோயாளி காத்திருக்கக் கூடாது என்பது அதைவிட நியாயமான காரணம். பெரு நகரங்களில் சில நிமிடங்களில் வீட்டுக்குப் பொருள் தரும் வியாபாரம் வந்த பிறகு, தெருவுக்குத் தெரு சிறு கிடங்குகள் மறுபடி முளைக்கின்றன. பெரியதும் சிறியதும் சேர்ந்த இரண்டு அடுக்கு அமைப்பாக நாட்டின் விநியோகம் உருமாறிக்கொண்டிருக்கிறது. ஒரு காலத்தில் 30 கிடங்கு வைத்திருந்த கம்பெனி எட்டாகக் குறைத்து, பிறகு வேறு 30 இடங்களில் சிறு நிலையங்கள் திறந்தால் அது தோற்றதாக ஆகாது. எண்ணிக்கை மறுபடி கூடியிருக்கலாம், காரணம் மாறியிருக்கிறது.

கிடங்கு வலைப்பின்னலை மாற்றியமைக்கும் ஒவ்வொரு கம்பெனியும் தன் ஒவ்வொரு கூரையைப் பார்த்தும் கேட்க வேண்டிய கேள்வி, அது ஏன் அங்கே இருக்கிறது என்பதே. வாடகை குறைவு, பழைய ஏஜென்ட், போட்டியாளரும் அங்கேதான் இருக்கிறார் என்ற பதில்கள் போதாது. நம் நாட்டின் கிடங்குகள் அறுபது ஆண்டுகள் வரிக்குப் பதில் சொல்லிக்கொண்டு நின்றன. அந்தக் கட்டாயம் நீங்கியதால் கிடைத்த மிச்சத்தை வெறும் லாபமாக எழுதிக்கொள்ளாமல், ஒரு பங்கைக் கடைசி ஊரின் கடைக்கும், போனை எடுத்துப் பேசும் ஒரு மனிதருக்கும், வேலையிழந்த தொழிலாளிக்கும் ஒதுக்கும் கம்பெனியைத்தான் வாடிக்கையாளர் சேவையை மேம்படுத்தியது என்று சொல்ல முடியும். மற்றவர்கள் செய்தது செலவுக் குறைப்பு மட்டுமே.